வீட்டுலயே 5.1 டிஸ்க் போட்டு கார்ல கேக்குறது: பள்ளத்தூர் வளவுலேர்ந்து

14 ஆகஸ்ட் 2022

பரமக்குடி தம்பி ஒருத்தர் கேட்டது: "அண்ணே, கார்ல 5.1 செட்டு போட்டுட்டேன், ஆம்ப்ளிஃபையர், சப் வூஃபர் எல்லாம் இருக்கு. ஆனா கேக்குறதுக்கு 5.1 பாட்டு எங்கயும் கிடைக்கல. கம்ப்யூட்டர்லயே நம்மளா டிஸ்க் அடிச்சுக்கலாம்ங்குறாங்க. நெசமாவா, இல்ல எதிரொலி சேத்து ஏமாத்துற வேலையா?"

அதே நாள், ராத்திரி

தம்பி, நெசம்தான். 5.1ன்னா முன்னாடி இடது, வலது, நடு, பின்னாடி இடது, வலது, அதோட சப் வூஃபர், மொத்தம் ஆறு தனித்தனி சேனல். நான் நாலு வருசமா போட்டுக்கிட்டு இருக்கேன். மூணு வழி இருக்கு.

ஒண்ணு டிடிஎஸ் சிடி. சாதா சிடி-ஆர்லயே ஆகும். ஆறு சேனலையும் டிடிஎஸ்ங்குற முறையில சுருக்கி அதை வேவ் ஃபைல் மாதிரி வேஷம் கட்டி ஆடியோ சிடியா பர்ன் பண்ணணும், 80 நிமிஷ சிடில 80 நிமிஷமே பிடிக்கும், ஏன்னா சாதா சிடி ஓடுற அதே 1411 கேபிபிஎஸ் (செகண்டுக்கு இத்தனை கிலோபிட்) வேகம்தான் இதுக்கும். ரெண்டாவது டிவிடி வீடியோ, ஒரே ஒரு ஃபோட்டோவ படமா வெச்சு கூடவே டால்பி டிஜிட்டல்னு இன்னொரு முறையில சுருக்குன சத்தம், டிவிடில அதுக்கு உச்சம் 448 கேபிபிஎஸ். ரொம்ப சுலபம், எந்த டிவிடி பிளேயர்லயும் ஓடும். மூணாவது டிவிடி ஆடியோ, இதுல சுருக்காமலே வெக்கலாம், சத்தத்துக்கு இதுதான் ராஜா, ஆனா ஓட்டுற பிளேயர் கிடைக்கிறது கஷ்டம்.

உங்க செட்டுக்கு டிடிஎஸ் சிடில ஆரம்பிங்க. ஒரு எச்சரிக்கை, டிடிஎஸ் தெரியாத பிளேயர்ல அந்த சிடியப் போட்டா பாட்டு வராது, ஸ்ஸ்ஸ்னு முழு வால்யூம்ல இரைச்சல் வரும், கீச்சுச் சத்தம் பாடுற சின்ன ஸ்பீக்கர் ட்வீட்டர் போயிடும். வால்யூமை பூஜ்யத்துல வெச்சுட்டு பிளே அமுக்குங்க.

15 ஆகஸ்ட்

நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், அதுதான் முக்கியமானதே. ஹெட் யூனிட்டு, அதாவது டேஷ்போர்டுல இருக்குற பிளேயர், நெசமாவே ஆறு சேனல் வெளிய விடுதான்னு முதல்ல பாருங்க. நான் ஒரு டவுன்ல, கடை பேரு வேணாம், "5.1 டிகோடர் உள்ள இருக்கு சார்"னு சொல்லி வித்தத வாங்கி மாட்டிட்டு மூணு மாசம் ஓட்டுனேன். டால்பி டிஸ்க் அழகா பாடுச்சு. பின் ஸ்பீக்கர்ல என்ன வந்துச்சுன்னா முன் ஸ்பீக்கர்ல வந்த அதே இடது வலதுதான். உள்ள ஆறையும் படிச்சு ரெண்டா கலக்கி, அந்த ரெண்டையே முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சு விட்டிருக்கு. நாலு பக்கமும் சத்தம் வரும், ஆனா சரவுண்டு கிடையாது. பின்னாடி ஒயர் குத்துற இடத்துல நடு ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் தனித்தனி அவுட்டு இருக்கான்னு பாருங்க. நடுவுக்கு தனி அவுட்டு இல்லன்னா அது 5.1 இல்ல, யாரு சொன்னாலும் சரி.

21 ஆகஸ்ட்

தம்பி "எப்படி கண்டுபிடிக்கிறது"னு கேட்டிருக்காரு. டெஸ்ட் டிஸ்க் ஒண்ணு நீங்களே போட்டுக்கங்க. நான் எம்மகளை உக்கார வெச்சு பேசச் சொல்லிப் பிடிச்சேன், அப்ப அவளுக்கு ஏழு வயசு. "முன்னாடி எடது", "முன்னாடி வலது", "நடு", "பின்னாடி எடது", "பின்னாடி வலது". சப்புக்கு பேச்சு வேலைக்காகாது, அந்த சேனல் 120 ஹெர்ட்ஸுக்கு கீழதான் வாங்கும், அதுக்கு 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணு போட்டுக்கிட்டேன். அடாசிட்டின்னு சத்தத்தை வெட்டி ஒட்டுற சாஃப்ட்வேர்ல ஆறு டிராக்கா வெச்சு, ஏற்றுமதி பண்றப்ப மிக்ஸ் பண்ணாம சேனல் பிரிச்சு எடுக்குற ஆப்ஷன் இருக்கு, அதை ஆன் பண்ணணும்.

கார்ல போட்டா "நடு"ன்னு அவ சொல்ற குரல் முன் வலது கதவுலேர்ந்து வருது. "முன்னாடி வலது"ன்னா டேஷ்போர்டுலேர்ந்து. "பின்னாடி எடது" மட்டும் போயி டிக்கில உர்ருங்குது. அவளுக்கு கை கொட்டி சிரிப்பு. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு.

22 ஆகஸ்ட்

மேல சொன்னதுக்கு காரணம் சேனல் வரிசை. வேவ் ஃபைல்ல வரிசை: முன் இடது, முன் வலது, நடு, சப், பின் இடது, பின் வலது. டால்பில: இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, கடைசில சப். டிடிஎஸ்ல நடுதான் முதல்ல, பெறகு இடது, வலது, பின் ரெண்டு, சப். நல்ல சாஃப்ட்வேர் தானாவே மாத்திக்கும், எஃப்எஃப்எம்பெக் மாத்துது. தனித்தனியா ஆறு ஃபைல் கேக்குற சாஃப்ட்வேர்லதான் நாம தப்பு பண்ணுவோம். நான் டால்பி வரிசையில அடுக்கி வெச்சத அது வேவ் வரிசைன்னு எடுத்துக்கிச்சு. அதனாலதான் பின் இடது சப்புக்கு போனது.

4 செப்டம்பர்

இப்ப எல்லாரும் கேக்குற கேள்விக்கு வரேன், ரெண்டு சேனல் பாட்டை ஆறாக்க முடியுமா.

நான் மொதல்ல பண்ணது பழைய வித்தை, இடதுலேர்ந்து வலதைக் கழிச்சு மிச்சத்தை பின்னாடி விடுறது. டேவிட் ஹாஃப்லர்னு அமெரிக்க ஆடியோ இன்ஜினியர் காலத்துலேர்ந்து இருக்குறது, ஒயரை மாத்திக் குடுத்தே செய்யலாம். கேட்டா சுவாரசியமாத்தான் இருக்கு. பாடுறவங்க குரல் ரெண்டு பக்கமும் சமமா இருக்குறதால கழிச்சா காணாமப் போயிடும், பின்னாடி வயலினோட விளிம்பும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். கண்ணாடியை ஏத்திட்டு திருமயம் கோட்டைய தாண்டிப் போறப்ப கேட்டா ஒரு பெரிய ஹாலுக்குள்ள இருக்குற மாதிரி இருக்கும்.

அடுத்து, பாட்டைப் பிரிக்கிற சாஃப்ட்வேர். 2019ல ஸ்ப்ளீட்டர், டெமுக்ஸ் எல்லாம் வந்துச்சு. குரல், டிரம்ஸ், பேஸ், மத்தது எல்லாம்னு பிரிச்சுக் குடுக்கும். ஒரு மாசம் பைத்தியமா திரிஞ்சேன். தபலாவை பின் வலதுல, குரலை நடுவுல, புல்லாங்குழல் இருக்குற "மத்தது"ம் முழுசா பின்னாடி. கேட்டவங்க எல்லாம் ஆகா ஓகோன்னாங்க. பத்தாவது தடவை கேக்குறப்பதான் தெரிஞ்சுது, தனியா எடுத்த குரல் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி கொழகொழன்னு இருக்கு, எல்லாம் சேந்து ஒரே பக்கம் ஓடுறப்ப மறைஞ்சிருந்த அழுக்கு தள்ளித்தள்ளி வெச்சதும் வெளிய தெரியுது. அதோட முதுகுக்குப் பின்னாடி யாரு தபலா வாசிப்பா? கச்சேரில முன்னாடிதான் உக்காருறாங்க.

5 செப்டம்பர்

தேவகோட்டை அன்பர் ஒருத்தர் 1960கள் பாட்டு டிஸ்க் கேட்டிருக்காக. ஐயா, அந்தப் பாட்டெல்லாம் பெரும்பாலும் மோனோ. ரெண்டு பக்கமும் ஒண்ணேதான். இடதுலேர்ந்து வலதைக் கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது, ரெக்கார்டுல இருக்குற கீறல் சத்தம் மட்டும் பின்னாடி சரசரன்னு வரும். நான் அதை போட்டுப் பாத்துட்டு ஸ்பீக்கர் போச்சுன்னு கதவைக் கழட்டிட்டேன்.

அந்தப் பாட்டுகளுக்கு என்ன பண்றதுன்னு தெரியாம கொஞ்ச நாள் விட்டு வெச்சிருந்தேன், ஒரு வழி கிடைச்சுது, அப்புறம் எழுதுறேன், இன்னைக்கு கரண்டு இல்ல.

18 செப்டம்பர்

இது சின்ன விஷயம். டிஸ்க் மேல பேப்பர் லேபிள் ஒட்டாதீங்க. கார் பிளேயர் வாய்க்குள்ள இழுக்குற ரகம், வெயில்ல நிறுத்துன வண்டில பசை இளகி லேபிள் ஓரம் தூக்கிக்கிட்டு உள்ள மாட்டிக்கும். எனக்கு குன்றக்குடி தைப்பூசத்தன்னைக்கு மாட்டுச்சு, பிளேயரைக் கழட்டி டேபிள்ல வெச்சு பிரிச்சுத்தான் எடுத்தேன். மார்க்கர் பேனால எழுதுங்க போதும், அதுவும் நடு வளையத்துக்கிட்ட. பர்ன் பண்றப்ப வேகத்தைக் கொறைங்க, நான் டிவிடிக்கு 4 மடங்குல விடுவேன். டிஸ்க்கை டேஷ்போர்டு மேல வெக்கவே வெக்காதீங்க, பர்ன் பண்ண டிஸ்க்கோட சாயம் நம்ம ஊரு சித்திரை வெயிலைத் தாங்காது.

டிடிஎஸ் சிடி அடிக்கிறப்ப இன்னொண்ணு, பர்ன் சாஃப்ட்வேர்ல வால்யூம் சமப்படுத்துற ஆப்ஷன், பாட்டுக்கு நடுவுல கலக்குற ஆப்ஷன் எல்லாத்தையும் அணைச்சுடுங்க. அந்த வேவுக்குள்ள இருக்குறது சத்தம் இல்ல, டிடிஎஸ் கணக்கு. வால்யூம் ஒரு புள்ளி மாறுனாலும் மொத்தமும் இரைச்சலாப் போயிடும்.

9 அக்டோபர்

மோனோ பாட்டுக்கு வழி கிடைச்சுதுன்னு சொன்னேன்ல.

எங்க பள்ளத்தூர் வீடு பங்கு வீடு. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் எல்லாரும் கூடுவோம், மத்த நாள்ல அப்பத்தாவும் ஒரு வேலைக்காரம்மாவும்தான். அப்பத்தாவுக்கு 88 வயசு. வளவுல, அதாவது முற்றத்தைச் சுத்தி இருக்குற கட்டுல, முற்றத்து ஓரமா தூணுக்குக் கீழ பழைய ரேடியோ ஒண்ணு இருக்கும், சின்ன வயசுல நாங்க பட்டாலைங்குற மேடையில படுத்துக்கிட்டு அந்தப் பாட்டைத்தான் கேப்போம். பாட்டு ரேடியோலேர்ந்து நேரா ஒரு தடவை வரும், சுண்ணாம்பு செவுத்துல பட்டு இன்னொரு தடவை வரும், மேல முற்றம் தெறந்து கிடக்குறதால மிச்சம் ஆகாசத்துக்கு போயிடும். எங்க செவுரு முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச பூச்சு, கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கும், தரை ஆத்தங்குடி கல்லு. ரெண்டும் சத்தத்தைக் குடிக்காது, அப்படியே திருப்பி விடும். ஆனா மேல தெறந்திருக்குறதால கல்யாண மண்டபத்துல வர்ற மாதிரி கொழம்பாது. எதிரொலி வரும், வந்த உடனே அடங்கிடும்.

அதனால என்ன பண்ணேன்னா, பாட்டை எதுவுமே பண்ணாம அப்படியே முன் ஸ்பீக்கர்ல வெச்சேன். வளவுல ரேடியோ இருந்த இடத்துல நல்ல ஸ்பீக்கர் ஒண்ணை வெச்சு அதே பாட்டை ஓடவிட்டு, பட்டாலைல நாங்க தலை வெச்சுப் படுக்குற எடத்துல ரெண்டு மைக் வெச்சு, செவுத்தைப் பாத்து திருப்பி வெச்சு, பிடிச்சேன். அந்த ரெண்டுதான் பின் சேனல். முன்னாடி பாட்டு, பின்னாடி எங்க வீடு.

கார்ல போட்டுக் கேட்டப்ப எனக்கு பேச்சு வரல.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்பீக்கர் வெச்சு பிடிக்கிறது கஷ்டம்னு இன்னொரு வழியும் பாத்தேன். பலூன் ஊதி வளவு நடுவுல நின்னு உடைக்கிறது. அந்த டப்புங்குற சத்தமும் அது அடங்குற விதமும்தான் அந்த வீட்டோட கைநாட்டு, அதைப் பிடிச்சு கம்ப்யூட்டர்ல கன்வல்யூஷன்னு ஒரு கணக்குல குடுத்தா எந்தப் பாட்டையும் அந்த வீட்டுக்குள்ள பாடுன மாதிரி ஆக்கும். ஆறு பலூன் உடைச்சேன். மாடத்துல இருந்த புறா எல்லாம் பறந்துருச்சு, வளவுக்குப் பின்னாடி இருக்குற ரெண்டாங்கட்டுலேர்ந்து அப்பத்தா "யாருக்குடா கல்யாணம், வெடி போடுறீக"ன்னு கேட்டாக.

11 அக்டோபர்

காரைக்குடி வீணையைப் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு, சரவுண்டுல வீணை நல்லா இருக்குமான்னு. காரைக்குடி வீணைச் சகோதரர்கள்ல மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமித்தி வெச்சு வாசிப்பாகளாம், தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல படுக்க வெச்சு. ஒரு வீணைய நாலு ஸ்பீக்கர்ல பரப்புனா வீணை கார் அளவுக்கு பெருசாயிடும், அது தப்பு. வீணை எங்க இருக்கோ அங்க இருக்கட்டும், பின்னாடி வீடு மட்டும் வரட்டும். என் கட்சி இப்ப இதுதான், செப்டம்பர் 4 அன்னைக்கு எழுதுனேன்ல, தபலாவை பின்னாடி வெச்சதையெல்லாம் அழிச்சுட்டேன்.

அப்புறம் ஏவிஎம் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போறதுக்கு முன்னாடி காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவுலதான் இருந்துச்சு, 1940கள்ல. சத்தம் பிடிக்கிற வேலை நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லன்னு சொல்ல வந்தேன்.

30 அக்டோபர்

மழை ஆரம்பிச்சிருச்சு. எனக்கு இன்னைக்கு கிடைச்சதை எழுதாம தூங்க முடியாது.

செட்டிநாட்டு வீட்டுல பொறந்தவங்களுக்குத் தெரியும், முற்றத்தைச் சுத்தி நாலு கூரையும் உள்பக்கமா சரியும், ரெண்டு கூரை சேர்ற மூலையில கூடுவாய் இருக்கும், மழைத்தண்ணி மொத்தமும் அந்த நாலு மூலை வழியாத்தான் முற்றத்துல கொட்டும். கீழ அண்டா, கிடாரம் எல்லாம் வெச்சுப் பிடிப்பாக. நாலு மூலை, நாலு கொட்டு, நடுவுல ஓட்டு விளிம்புலேர்ந்து சொட்டுற சரம். கார்ல எத்தனை ஸ்பீக்கர்? நாலு மூலைல நாலு. இத்தனை வருசமா பாட்டைப் பிச்சுப்பிச்சு நாலு பக்கம் வெச்சேனே, நாலு பக்கமா வர்ற சத்தம் எங்க வீட்டுலயே கொட்டிக்கிட்டு இருந்திருக்கு.

நாலு மைக்கை நாலு தூணுல கட்டுனேன், துணி போத்தி. முன் ரெண்டும் ஒரு ரெக்கார்டர்ல, பின் ரெண்டும் இன்னொண்ணுல. முகப்பு கிழக்கப் பாத்த வீடு, அதனால முகப்புப் பக்கத்தையே காருக்கு முன்பக்கமா எடுத்துக்கிட்டேன். முன் இடது ஈசான மூலை, முன் வலது அக்னி, பின் வலது கன்னி, பின் இடது வாயு. 40 நிமிஷம் நிக்காம பேஞ்சுது.

31 அக்டோபர்

கேட்டேன். பிரமாதம். நடுவையும் சப்பையும் காலியாவே விட்டுட்டேன், மழைக்கு அது வேணாம்.

ஒரே குறை. 38வது நிமிஷத்துல அப்பத்தா ரெண்டாங்கட்டுலேர்ந்து "ஏப்பா, அண்டா நெறைஞ்சு போச்சுப்பா, மாத்தி வையிங்கப்பா"ன்னு கத்துறாக. அது ரெண்டு தடவை கேக்குது, பின்னாடி ஒண்ணு, முன்னாடி ஒண்ணு. அசிங்கமா இருந்துச்சு, அந்த எடத்தை வெட்டி எடுத்துட்டேன்.

13 நவம்பர்

குரல் ஏன் ரெண்டாச்சுன்னு கண்டுபிடிச்சாச்சு. ரெண்டு ரெக்கார்டரோட கடிகாரமும் ஒண்ணு போல ஓடாது. ஆரம்பத்துலயும் கடைசிலயும் நான் வளவு நடுவுல நின்னு கை தட்டியிருந்தேன், ஆரம்பத் தட்டை ஒண்ணாச் சேத்து வெச்சா கடைசித் தட்டு 48 மில்லி செகண்ட் தள்ளி நிக்குது. பத்து லட்சத்துல 20 பங்குதான் வித்தியாசம், ஆனா சத்தம் ஒரு செகண்டுக்கு 343 மீட்டர் போகும், 48 மில்லி செகண்டுல 16 மீட்டர் போயிடும். அதாவது பின் தூணு ரெண்டையும் தூக்கிட்டுப் போயி ரெண்டாங்கட்டையும் தாண்டி நட்ட மாதிரி. மழைல இது தெரியாது, ஒவ்வொரு மூலை மழையும் தனித்தனி. மனுஷ குரல் வந்ததும் காட்டிக் குடுத்துருச்சு.

மருந்து: பின் ஜோடியை அந்த 48 மில்லி செகண்ட் அளவுக்கு சுருக்கி இழுத்து கடைசித் தட்டையும் ஒண்ணாக்குறது. சுருதி மாறுமோன்னு பயப்படாதீங்க, அவ்வளவு சின்ன மாத்தம் எந்தக் காதுக்கும் தெரியாது. நாலு சேனல் ஒரே ரெக்கார்டர்னா இந்தத் தலைவலியே இல்ல, கைல காசு இருந்தா அதையே வாங்குங்க.

சரி பண்ணிக் கேட்டா அப்பத்தா குரல் ஒண்ணே ஒண்ணு, தெளிவா, பின் வலது பக்கம் தள்ளி. இருந்தாலும் வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன், மழை டிஸ்க்ல பேச்சு எதுக்குன்னு.

4 டிசம்பர்

வீட்டுல சின்ன விசேஷம், நாதஸ்வரம் தவில் வந்துச்சு. தூணுல கட்டுன அதே நாலு மைக்லயே பிடிச்சேன், அது தப்பாப் போச்சு. எங்க முற்றம் 18 அடி நீளம். தவில் முன் மைக்குக்கு வந்து 16 மில்லி செகண்ட் கழிச்சுத்தான் பின் மைக்குக்கு வருது. நாதஸ்வரம் நீள ஊதுறதால அதுல தெரியல. தவில்ல ஒரு அடி விழுந்தா "தத்"னு ரெண்டா விழுது. தவில்காரர் கேட்டா என்ன நெனைப்பாரு.

அடுத்த நாள் ஆசாரிகிட்ட சொல்லி பர்மா தேக்கு துண்டு ஒண்ணுல சிலுவை மாதிரி கட்டை செஞ்சேன், நாலு முனையிலயும் மைக், பக்கத்துப் பக்கத்து மைக்குக்கு நடுவுல முக்காலடி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மூலையைப் பாக்கும். காலைல மறுபடி வாசிக்கிறப்ப அதுல பிடிச்சேன், அடி ஒண்ணா விழுந்துச்சு. மழைக்கு தூணு, மேளத்துக்கு சிலுவை.

சப்புக்கு மட்டும் தவிலோட தொப்பி பக்கத்தை, அதாவது கனத்த சத்தம் வர்ற பக்கத்தை, கொஞ்சம் பிரிச்சு விட்டேன். அந்த சேனலை பிளேயர் 10 டிபி ஏத்தித்தான் பாடும், அதை கணக்குல எடுக்காம விட்டதுல நம்பர் பிளேட்டு கடகடன்னு ஆடுச்சு. 10 டிபி கொறைச்சேன், சரியாச்சு.

18 டிசம்பர்

பெரியப்பச்சி மகன் நியூ ஜெர்சில இருக்காக, எனக்கு அண்ணன். அவுக வெச்சிருக்குறது 2004 அக்யூரா டிஎல், இன்னும் ஓட்டுறாக. அந்த வண்டிதான் டிவிடி ஆடியோவ கம்பெனியிலேயே பொருத்தி வந்த முதல் கார். எலியட் ஷைனர்னு பெரிய சவுண்டு இன்ஜினியர் சேந்து அமைச்ச செட்டு, 8 ஸ்பீக்கர், 225 வாட், ஆறு டிஸ்க் சேஞ்சர். நம்மளை மாதிரி டிஸ்க் போடுறவனுக்கு அது கனவு வண்டி. அண்ணனுக்கு மழையும் மேளமும் டிவிடி ஆடியோவா போட்டு அனுப்புறேன்.

கணக்கு கேட்டவங்களுக்கு: ஆறு சேனல், 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 6.9 மெகாபிட். டிவிடி ஆடியோ 9.6 வரைக்கும் தாங்கும், அதனால சுருக்கவே வேணாம், 4.7 ஜிபி டிஸ்க்ல 90 நிமிஷம் பிடிக்கும். 96 கிலோ ஹெர்ட்ஸ்க்குப் போனா 13.8 ஆயிடும், எம்எல்பின்னு இழப்பில்லாம சுருக்குற முறை வேணும். எனக்கு 48 போதும். போடுறதுக்கு டிவிடிஏ ஆதர்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. டிஸ்க்ல ஆடியோ_டிஎஸ்னு ஃபோல்டர் இருக்கணும், சத்தம் அதுக்குள்ளதான்.

22 ஜனவரி 2023

அண்ணன் ஃபோன் பண்ணாக. டிஸ்க் ஓடுது. மழை நல்லா இருக்காம், ஆனா மேளம் முழுக்க ஒரு ஓரமா இடது கதவுலயே ஒட்டிக்கிட்டு இருக்காம்.

என் தப்பு. என் வண்டில ஓட்டுறவன் வலது பக்கம், வலது ஸ்பீக்கர் கிட்டக்க, இடது 60 சென்டிமீட்டர் தள்ளி. அதுக்காக வலது சேனல்களை 1.75 மில்லி செகண்ட் தாமதமா வர்ற மாதிரி டிஸ்க்லயே கலந்துட்டேன், மைய சத்தம் கண்ணுக்கு நேரா வரட்டும்னு. அமெரிக்காவுல ஓட்டுறவுக இடது பக்கம். ஏற்கனவே கிட்டக்க இருக்குற இடது இன்னும் முந்திக்கிச்சு. தம்பிங்களா, இந்த தாமதக் கணக்கெல்லாம் காரோட ஹெட் யூனிட்ல வெக்க வேண்டியது, டிஸ்க்ல கலக்காதீங்க. என் பழைய 11 டிஸ்க்லயும் இதே தப்பு இருக்கு, எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும்.

5 மார்ச்

திருத்துன டிஸ்க் போயிச் சேந்து ரெண்டு வாரமாச்சு. நேத்து ராத்திரி அண்ணன் மறுபடி பேசுனாக. மேளம் இப்ப நேரா இருக்காம். அதைச் சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாக, அப்புறம் கேட்டாக: "ஏப்பா, வாயு மூலையில என்ன பண்ணீக? சத்தம் மாறியிருக்கே. கூடுவாய்த் தகரத்தை எடுத்துட்டீகளா?"

உண்மை. போன வருசம் அந்த மூலையில பழைய செம்புத் தகரம் ஓட்டையாகி தண்ணி செவுத்துல இறங்குச்சு, நான்தான் பிளாஸ்டிக் பைப் போட்டு இறக்குனேன். மத்த மூணு மூலையிலயும் தண்ணி தகரத்துல ஓடி அண்டாவுல கிண்கிண்ணு விழும், அந்த மூலையில பொதபொதன்னு ஒரே கட்டியா விழும். நான் மைக் கட்டுனவன், எனக்கே அது தோணல. அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருசம் ஆச்சு, பின் இடது ஸ்பீக்கரை வெச்சு எந்த மூலைன்னு சொல்றாக.

அதோட இன்னொண்ணும் கேட்டாக. 40 நிமிஷம் மழைன்னு சொன்ன, டிஸ்க்ல 39 அரை தானே இருக்கு, நடுவுல எங்கயோ ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கேன்னு. சொன்னேன், அப்பத்தா கத்துனாக, அதை எடுத்துட்டேன்னு.

"அதை எதுக்குப்பா எடுத்த"ன்னாக.

6 மார்ச்

சேத்துட்டேன். 38வது நிமிஷம், பின் வலது. நவம்பர்ல நேராக்கி வெச்ச கோப்பு அழிக்காம இருந்துச்சு, நல்லவேளை. அப்பத்தாவைக் கார்ல பின் சீட்டுல உக்கார வெச்சு கேக்க வெச்சேன், அவுக குரல் வந்ததும் திரும்பி கண்ணாடிக்கு வெளிய பாத்தாக, அப்புறம் "அண்டாவை மாத்துனீகளா இல்லியா"ன்னு என்னையக் கேட்டாக.

வாயு மூலைக்கு செம்புத் தகரம் விலை கேட்டிருக்கேன், காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டுச் சாமான் கடையில ஒண்ணு நம்ம அளவுக்கு இருக்குன்னாங்க. ஐப்பசிக்கு முன்னாடி மாட்டிட்டு அடுத்த மழைக்கு மறுபடி மைக் கட்டணும். பரமக்குடி தம்பி, உங்க டெஸ்ட் டிஸ்க் என்னாச்சு, நடு ஸ்பீக்கர் பேசுச்சா?